மாலை நாலு மணிக்குப் பிறகு யார் பொறுப்பு?

பள்ளி விட்டதும் ஊர்ப் பிள்ளை டியூஷனுக்குப் போகிறது. காலனிப் பிள்ளை வீட்டுக்கு வருகிறது. கரும்பு வெட்டவும் சித்தாள் வேலைக்கும் போன பெற்றோர் திரும்புவதற்குள் இருட்டிவிடுகிறது. பாடத்தில் சந்தேகம் கேட்க வீட்டில் ஆளில்லை. ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அந்தப் பிள்ளைக்கு ‘மக்கு’ என்று பெயர் வைக்கிறார்கள். அது மக்கு அல்ல. பள்ளிக்கூடம் போகும் முதல் தலைமுறை.

அரசுக்கும் இது தெரியும். கொரோனா கால கற்றல் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. தொடங்கியபோது 1 முதல் 8ஆம் வகுப்பு வரை மாலை நேர வகுப்பு; தன்னார்வலருக்கு மாதம் ரூ.1,000 என்று இருந்தது. நல்ல திட்டம்தான். ஆனால், வகுப்பு எங்கே நடக்கிறது? ஊர்த்தெருத் திண்ணையில் நடந்தால் நம் பிள்ளை தயங்கி நிற்கிறது. எனவே, இடம்தான் முதல் கேள்வி.

1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தைத் திறப்போம். பட்டம் படித்து வேலையின்றி இருக்கும் நம் பெண்களிடம் பொறுப்பைக் கொடுப்போம். முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, வகுப்பு வாரியாக அல்லாமல் வாசிப்புத் திறன் பார்த்துக் குழு பிரிக்க வேண்டும். பசித்த வயிற்றுக்கு ஒரு கை சுண்டல். பெற்றோர் கூட்டம் இரவு எட்டு மணிக்கு. பகலில் வைத்தால் கூலி போகும்.

இதைச் சொல்வதால் அரசின் பொறுப்பு தீர்ந்துவிடாது. இலவச உழைப்பை நம் பெண்களின் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் பட்டியல் சாதியினர். மதிப்பூதியம், மின்விளக்கு, புத்தகங்கள் ஆகிய மூன்றையும் அந்த நிதியிலிருந்து கேட்பது சலுகை அல்ல, உரிமை.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருவோம். தீர்மானம் நிறைவேறும் வரை பிள்ளைகளைக் காக்க வைக்க வேண்டாம். கூடத்தின் சாவியை நாளைக்கே கேட்போம்.