இயந்திரத்துக்கு உத்தரவாதம்! உழைப்பவனுக்கு?



பழவேற்காட்டில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. டச்சுக்காரர்களுடையது. 17-ஆம் நூற்றாண்டில் அவர்கள் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டிக்கொண்டு, நம் நெசவாளர் நெய்த துணியைக் கப்பலேற்றிக் கடல் கடத்தினர். மூட்டை சுமந்தது நம்மவன் தோள். கணக்கு எழுதியது அன்னியன் கை. எழுதியவனுக்குக் கல்லறையும் உண்டு, கல்லிலே பெயரும் உண்டு. சுமந்தவனுக்கு? மணலிலே பதிந்த காலடியைக் கூட அலை அழித்துவிட்டது!

பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். அதே ஏரியின் வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவிலே, இன்றும் சரக்கு ஏறுகிறது, இறங்குகிறது. தீவின் பெயர் ஸ்ரீஹரிகோட்டா. 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்த மண். இன்று ஆந்திரத்தில், திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. விண்வெளி ஆராய்ச்சிக்காக 1969-ல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9-ல் அங்கிருந்து முதல் சிறு ராக்கெட் கிளம்பியது. 1980 ஜூலை 18-ல் நம்முடைய ராக்கெட்டே நம்முடைய செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. 2025 ஜனவரி 29-ல் நூறாவது ஏவுதலும் நடந்தது. பெருமைப்படுகிறோம். அறிவியலை வாழ்த்துவதிலே நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்லர். பகுத்தறிவு பேசி வளர்ந்த இயக்கம் ராக்கெட்டைப் பார்த்துப் பழிக்குமா? பழிக்காது.

ஆனால், மேலே பறக்கும் ராக்கெட்டைப் பார்க்கிற கண்கள், அது வந்து இறங்கிய மேடையைப் பார்ப்பதில்லை. அந்த மேடையைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

ராக்கெட் முழு உருவாய் எங்கும் விளைவதில்லை. நம் நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியிலிருந்து திரவ எரிபொருள் இயந்திரப் பகுதிகள் லாரியில் வருகின்றன. பெங்களூரிலிருந்து செயற்கைக்கோள் வருகிறது. சூலூர்ப்பேட்டையைத் தாண்டி, ஏரிக்கு நடுவே போட்ட சாலை வழியே வந்து சேருகின்றன. இவை மட்டுமா? இரும்பு, சிமெண்ட், வாயு உருளை, உணவுக்கூடத்து அரிசி மூட்டை வரை அத்தனையும் ஒரு மேடையிலே இறங்கித்தான் உள்ளே போகவேண்டும்.

எந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கும் அப்படியொரு சரக்கு மேடை உண்டு. லாரியின் தளம் ஓர் உயரம், கிடங்கின் தளம் ஓர் உயரம். இடையே உள்ள இடைவெளியை நிரப்ப ஏறி இறங்கும் இரும்புத் தட்டு இருக்கும். எண்ணெய் அழுத்தத்தால் அது உயரும், தாழும். பின்னால் வரும் லாரி மோதாமல் தாங்க ரப்பர் கட்டைகள், பாரம் தூக்கக் கிரேன். நாளாக ஆக எண்ணெய் கசியும், கீல் தேயும், சங்கிலி இளகும். ஒருநாள் தட்டு சட்டென்று தாழ்ந்தால் அடியிலே நசுங்குவது அதிகாரியின் கோப்பு அல்ல, தொழிலாளியின் கால்! ஆகவே பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தத்தான் வேண்டும். அதிலே நமக்கு மறுப்பில்லை.

எப்படி மாற்றுகிறார்கள்? டெண்டர் விடுகிறார்கள். ஒன்றிய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் அதற்கு வழி சொல்கின்றன. என்ன அளவு, என்ன வலு என்று முதலில் எழுதுவார்கள். பெரிய கொள்முதலானால் இரண்டு உறைகள்: ஒன்றிலே தகுதி, மற்றொன்றிலே விலை. தகுதி உறையில் தேறியவனுடைய விலை உறையைத்தான் பிரிப்பார்கள். அவர்களில் குறைந்த விலை சொன்னவனுக்கு வேலை. மதிப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 2 முதல் 5 வரை முன்வைப்பு கட்டவேண்டும். வேலை கிடைத்தால் ஒழுங்காக முடிப்பேன் என்பதற்குத் தனியே ஈடு கட்டவேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஏட்டிலே குற்றமில்லை. ஆனால் சூட்சுமம் எங்கே இருக்கிறது? விலையிலே இல்லை, தோழர்களே. தகுதி உறையிலே இருக்கிறது! "இத்தனை கோடி வரவு செலவு காட்டியிருக்க வேண்டும், இதே போன்ற வேலையை இத்தனை முறை செய்திருக்க வேண்டும்" என்று நிபந்தனையை ஒரு முழம் உயர்த்தினால் போதும். கும்மிடிப்பூண்டியிலே, அம்பத்தூரிலே, பட்டறை வைத்து இரும்பை வளைக்கத் தெரிந்தவன் வாசலிலேயே நின்றுவிடுவான். உள்ளே போகிறவர் நாலு பேர். நாலு பேரும் கூடிப் பேசிக்கொண்டால் குறைந்த விலை என்பது யாருக்குக் குறைவு?

இதைக் கண்டுதான், 1998-ல் கலைஞர் முதல்வராக இருந்தபோது, தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றினார். டெண்டரை அறிவிப்பது எப்படி, திறப்பது எப்படி, ஏற்பது எப்படி என்று சட்டமே சொன்னது; பாதிக்கப்பட்டவன் மேல்முறையீடு செய்யவும் வழி தந்தது. டெல்லியின் கதை என்ன? 2012-ல் பொதுக் கொள்முதல் மசோதா ஒன்றை மக்களவையில் வைத்தார்கள். வைத்தார்கள், அவ்வளவுதான்! அந்த மக்களவை கலைந்தது, மசோதாவும் காலாவதியானது. அதன்பிறகு டெல்லிக்கு வந்தவர்கள் அதை எடுத்துத் தூசி தட்டவில்லை. விதிகளை வைத்தே வண்டி ஓடுகிறது. விதியை அதிகாரி திருத்தலாம். சட்டத்தை மன்றம்தான் திருத்த முடியும். இந்த வேறுபாடு சின்னதா?

சிறு தொழில்களுக்கு இடம் தந்திருக்கிறோமே என்பர். உண்மை. ஒன்றிய அரசுத் துறைகள் ஆண்டுக் கொள்முதலில் 100-க்கு 25 பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கவேண்டும் என்று 2018-ல் உயர்த்தினார்கள். அதற்குள்ளே ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் சேர்ந்து ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. நாலில் ஒரு பங்கு மக்களுக்கு நூற்றில் நாலு பங்கு! இதற்குப் பெயர் நீதி என்றால் அநீதிக்கு வேறு அகராதிதான் எழுதவேண்டும்.

அது போகட்டும். மேடைக்கு வருவோம். புதிய இயந்திரம் வந்தாயிற்று. வாங்கும்போதே அதற்கு உத்தரவாதக் காலம் எழுதுகிறார்கள். அது முடிந்ததும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். எண்ணெய் போட ஆள், கீல் பார்க்க ஆள், பழுதானால் இத்தனை மணி நேரத்துக்குள் வந்து நிற்க ஆள். நல்லது. அந்தத் தட்டின் மேலே நின்று பாரம் இறக்குகிறானே, அவனுக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு? அவன் முதுகு பழுதானால் எத்தனை மணி நேரத்தில் யார் வந்து நிற்பார்?

சட்டம் என்ன சொல்கிறது பாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-ல் வந்தது. ஒப்பந்த முறையை ஒழிக்கலாம் என்று அரசுக்கு அதிகாரம் தந்தது. ஒழித்தாலும் அந்தத் தொழிலாளி தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டான் என்று 2001-ல், உருக்காலை ஆணைய வழக்கிலே, உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பழைய சட்டமும் போய், 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே சட்டம் எட்டிப் பார்த்தது. இப்போது 50 பேர் இருந்தால்தான் பார்க்கும். 49 பேரை வைத்துக்கொண்டு வேலை வாங்குகிற கண்ட்ராக்டர் இந்தக் கணக்கை அறியமாட்டாரா?

இன்னும் கேளுங்கள். நிறுவனத்தின் முதன்மைப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்று புதிய சட்டம் கூறுகிறது. அடடா, எவ்வளவு அருமை என்று கை தட்டுவதற்குள், எவை முதன்மைப் பணி ஆகா என்று ஒரு பட்டியல் போடுகிறது. துப்புரவு ஆகாது, காவல் ஆகாது, உணவுக்கூடம் ஆகாது, தோட்ட வேலை ஆகாது. அந்தப் பட்டியலிலே சரக்கு ஏற்றுதலும் இறக்குதலும் இருக்கிறது! அதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் அல்லாதவரை, ஏற்றி இறக்குகிறவன் எத்தனை ஆண்டு உழைத்தாலும் வெளியாள்தான். செயற்கைக்கோளைக் கீழே விடாமல் இறக்கிய கை முதன்மையானது அல்ல. இறங்கியதென்று கையொப்பமிட்ட கை முதன்மையானது! டச்சுக்காரன் கல்லறை நினைவுக்கு வருகிறதா, தோழர்களே?

மறுப்பவர்கள் இரண்டு வாதங்களை வைப்பார்கள். ஒன்று, பாதுகாப்பு. ராக்கெட்டின் உள்ளுறுப்பை ஊரறியச் சொல் என்று நாம் கேட்கவில்லை. ஏறி இறங்கும் இரும்புத் தட்டிலே என்ன ராணுவ ரகசியம்? மற்றொன்று, செலவு. மலிவாக முடிப்பதுதான் மக்கள் பணத்தைக் காப்பது என்பர். 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலே மூன்றாவது ஏவுதளம் அமைக்க ஒன்றிய அமைச்சரவை 3,984.86 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒதுக்கட்டும், வேண்டியதுதான். அத்தனை கோடிக்கு நடுவே, சுமக்கிறவனின் கூலியிலா சிக்கனம் பார்க்கவேண்டும்?

பங்கீடு எப்படிச் செய்வது என்று படிக்க வெளிநாடு போகவேண்டியதில்லை. இக்கரையிலே, பழவேற்காட்டுக் குப்பங்களிலே, 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. இறால் படுகிற நல்ல இடங்களில் யார் என்று வலை கட்டுவது என்பதை ஊர் கூடி, சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று எனக்கு நல்ல இடம், நாளை உனக்கு. வலியவன் வளைத்துக்கொள்ள முடியாது. எல்லார் கண் முன்னும் நடக்கிறது, எல்லார் மொழியிலும் நடக்கிறது. பள்ளிக்கூடம் காணாத கிழவர் கூட எழுந்து "இது தப்பு" என்று சொல்லமுடியும்.

பாடு முறை குறையற்றதா? இல்லை. பாட்டுரிமை பிறப்பைப் பார்த்து வருகிறது. ஏரியையே நம்பி வாழும் பிற சமூகத்தார் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். சாதியின் பெயரால் வேலி எங்கே இருந்தாலும் அது பிடுங்கப்பட வேண்டியதே. நம் மீனவத் தோழர்களிடமும் இதை ஒளிக்காமல் சொல்கிறோம். வேலியைப் பிடுங்குங்கள், ஆனால், ஊர் நடுவே நின்று முறை பிரிக்கும் அந்த வெளிச்சத்தை அணைத்துவிடாதீர்கள். டெண்டர் பெட்டிக்குள் இல்லாதது அந்த வெளிச்சம்தான்.

ஆகவே நாம் கேட்பது இவை.

ஆராய்ச்சிக்கூடங்களின் சாதாரணக் கொள்முதல் அறிவிப்புகள், நிபந்தனைகளோடு, அந்த வட்டாரத்து மொழியிலும் வரவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவைச் சுற்றித் தெலுங்கிலும் தமிழிலும். டெண்டர் அறிவிப்பு ஆங்கிலத்திலே வருகிறது, தடை அறிவிப்பு மட்டும் தமிழிலே வருகிறது என்றால் நாம் எதற்கு மட்டும் உரியவர்கள்?

மேடையின் அளவை எழுதுமுன், அதன் மேல் நின்று உழைக்கிறவனைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும். எங்கே கால் மாட்டும், எங்கே தட்டு வழுக்கும் என்பது அவனுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்குத் தெரியும்?

கண்ட்ராக்டர் மாறினாலும் தொழிலாளி மாறக்கூடாது. பழைய ஆளையே, பழைய பணிக்காலக் கணக்கோடு, புதியவர் ஏற்கவேண்டும் என்று டெண்டரிலேயே எழுதவேண்டும். இயந்திரத்துக்கு எழுதுகிற ஈட்டைப் போலவே, கூலிக்கும் காயத்துக்கும் ஈடு எழுதவேண்டும்.

டெல்லி, நாடு முழுவதற்கும் கொள்முதல் சட்டம் செய்யவேண்டும். தமிழ்நாடு 1998-லேயே செய்தது. டெல்லிக்கு இன்னும் விடியவில்லையா?

நாளை நம் வாசலுக்கும் இது வருகிறது. குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கேயும் சரக்கு மேடை எழும். அங்கேயும் மீனவர் குப்பங்கள் உண்டு. பழவேற்காடு கற்ற பாடத்தைத் தூத்துக்குடிச் சீமைத் தோழர்கள் பட்டுத்தான் கற்கவேண்டுமா? கிளைக் கழகங்கள் இப்போதே இதைப் பேசட்டும். தொழிற்சங்கத் தோழர்கள் டெண்டர் நிபந்தனைகளை வாங்கிப் படித்து, தெருமுனையிலே தமிழிலே விளக்கட்டும்.

ராக்கெட் ஏவும் நாளிலே, கடலுக்குப் போகாதே என்று பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு அறிவிப்பு வருகிறது. படகுகள் கரையிலே கிடக்கின்றன. அன்றைய பிடிப்பு இல்லை, அன்றைய ஏலம் இல்லை, ஐஸ் பெட்டி காலி. மீனவன் பிள்ளையைத் தோளிலே தூக்கி வைத்துக்கொண்டு வானத்தைக் காட்டுகிறான். "அதோ, நம்ம ராக்கெட்டு!" என்கிறான்.

நம்ம ராக்கெட் என்று அவன் சொல்கிறான். நம்ம ஆள் என்று அவனை அந்த மேடை சொல்லவேண்டும். அதுவரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.