பாட்டு வடிவங்களை நம்பிக் கடை வைக்கலாமா?

கந்தப்பளை கடைவீதியில் ஒரு காலத்தில் நானும் பாட்டு விற்றவன். கசட்டில் தொடங்கி இறுவட்டுக்கு மாறினேன். ஒரே இறுவட்டில் 150 பாட்டு அடங்கும் எம்.பி.3 வந்ததும், இருப்பில் கிடந்த அசல் இறுவட்டுகள் வாங்கிய விலைக்கும் போகவில்லை.

அண்மையில் மரக்கறித் தோட்டம் செய்யும் இளைஞர் ஒருவர் வந்து, "நானா, ஹை-ரெஸ் பாட்டுக்கு நல்ல ஹெட்செட் இருக்கா?" என்று கேட்டார். உயர்தர இசையில் மீண்டும் வியாபாரம் உண்டா என்று யோசித்தேன்.

1982இல் வந்த இறுவட்டின் தரம் 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ். மனிதக் காது கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 கிலோஹேர்ட்ஸ். அதற்கு இதுவே போதும். இதை மிஞ்ச 1999இல் சுப்பர் ஓடியோ சீடியும், 2000இல் டீவீடி ஓடியோவும் வந்தன. பொதுச் சந்தை இரண்டையும் ஏற்கவில்லை. பாடகர் நீல் யங் 2014இல் மக்களிடம் 60 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டிக் கொண்டுவந்த 'போனோ' கருவி 2017இல் முடிந்தது. எம்.கியூ.ஏ. நிறுவனம் 2023இல் நொடித்தது. 2001இல் வந்த, எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய 'ஃபிளாக்' மட்டும் நிலைத்துவிட்டது.

2021 ஜூனில் அப்பிள் மியூசிக், தரம் குறையாத இசையை மேலதிகக் கட்டணமின்றி வழங்கியது. 2025 செப்டெம்பரில் ஸ்பொட்டிஃபையும் தன் கட்டணச் சந்தாதாரருக்கு வழங்கத் தொடங்கியது. சந்தாவோடு சேர்ந்து வருவதை நாம் தனியாக விற்க முடியாது. ஆகவே எதிர்காலம் வடிவத்தில் இல்லை. அதைக் கேட்க வைக்கும் பொருளிலும் சேவையிலுமே உள்ளது.

அந்த இளைஞர் விலை கூடிய புளூடூத் ஹெட்செட்டைத்தான் கையில் எடுத்தார். சாதாரண புளூடூத் பாட்டை மீண்டும் சுருக்கியே அனுப்பும். முழுத்தரம் காதுக்கு வராது. நான்கு நிமிடப் பாட்டு எம்.பி.3இல் சுமார் 4 எம்.பி. என்றால், ஃபிளாக்கில் 25 எம்.பி. அளவில் வரும்; டேட்டா கார்டும் விரைவில் கரையும். இரண்டையும் சொல்லி, விலை குறைந்த வயர் ஹெட்செட்டையும் போனில் செருகும் சிறு இணைப்பியையும் கொடுத்தேன். இலாபம் குறைவுதான். மறுவாரம் அவர் இரு நண்பர்களோடு வந்தார். கையில் தகப்பனாரின் குரல் பதிந்த பழைய கசட் ஒன்றும் இருந்தது. அதைக் கணினியில் ஏற்றிக் கொடுத்த கூலி, ஹெட்செட் இலாபத்தைவிட அதிகம்.

கசட் நாடா ஆண்டுக்காண்டு கெட்டுக்கொண்டே போகிறது. நமது ஊர்களில் திருமண வீட்டுப் பேச்சும் மறைந்தவர்களின் குரலும் இன்னும் அலுமாரிகளில் கிடக்கின்றன. ஒரு நல்ல கசட் பிளேயர், ஒரு கணினி, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். இந்த வேலைக்குப் பெரிய முதல் தேவையில்லை.

வர்த்தக நண்பர்களே, புதிய பெயரோடு நாளை இன்னொரு வடிவம் வரும். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து முதலை முடக்காதீர்கள். பொருளின் குறையையும் சொல்லி விற்பவனைத் தேடித்தான் வாடிக்கையாளர் திரும்பி வருவார்.