கல்லோடு சேர்த்து வாங்காதீர்கள்!

"பவளம் வாங்கினா கல்லோட வாங்குங்க சார், அப்பதான் செட் ஆகும்." கடல்நீர்த் தொட்டி வைக்கும் ஆசையில் கடைக்குப் போனால் இந்த அறிவுரை இலவசமாகக் கிடைக்கும். இந்தப் பொழுதுபோக்கில் இதைவிட மோசமான அறிவுரை கிடையாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் மக்களே.

(ராஜபாளையம் பக்கத்துக்காரன் நாயைப் பற்றி எழுதாமல் பவளத்தைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். எங்கள் தளவாய்புரத்தில் நைட்டி தைப்பார்கள், கடல் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் நைட்டிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பின்னால் வருகிறேன்.)

நான் சொல்வது மென்பவளம். காளான் குடை மாதிரி விரியும் லெதர் பவளம், விரல் விரலாகக் கிளைக்கும் சினுலேரியா, கைகளை மூடி மூடித் திறக்கும் சீனியா, இந்த வகையறா. இவற்றுக்குக் கல் எலும்புக்கூடு இல்லை, சதைக்குள் பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு ஊசிகள்தான். முருங்கைக் கொம்பை ஒடித்து ஊன்றுகிற மாதிரி ஒரு துண்டை வெட்டி வைத்தால் அது தனியாக வளரும். வெட்டுப்பட்ட தாய்க்கும் காயம் ஆறிவிடும். பி.காம் படிக்கிறவன் புத்திக்கு இது எப்படித் தெரிகிறது என்றால், வருடா வருடம் வட்டி கொடுக்கிற முதல். ஒருத்தர் வீட்டுத் தொட்டியில் ஒன்று இருந்தால் பத்து வீட்டுக்குத் துண்டு போகும். கடலை யாரும் தொட வேண்டியதில்லை.

கல்லோடு வருகிற பவளம் அப்படியல்ல. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கல், அதன் மேல் வேர் பிடித்த மாதிரி அழகாக ஒரு லெதர். அந்தக் கல் எங்கிருந்து வந்தது? பண்ணைத் தொட்டியில் கல்லிலேயே வைத்து வளர்த்ததாகவும் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. அதைக் கடைக்காரர் நிரூபிக்க முடியாத வரைக்கும், யாரோ பாறையிலிருந்து உளியால் பெயர்த்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். உருண்டை வகைக் கல் பவளங்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரைதான் வளரும். ஒரு சாண் கல் என்றால் பத்து, இருபது வருஷத்துக் கணக்கு. வட்டியோடு முதலையும் சேர்த்துத் தின்கிற வியாபாரம் இது.

நமக்குப் பக்கத்துக் கடல் என்றால் தூத்துக்குடி, மன்னார் வளைகுடா. அங்கே இருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளக் கல்லை வெட்டி வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. 1986-லேயே தேசியப் பூங்கா என்று அறிவித்தும் வெட்டு நிற்கவில்லை. 2001-ல்தான் கல் பவளங்கள், கடல் விசிறி, கருப்புப் பவளம் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன, அதாவது புலியோடு ஒரே வரிசையில். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம் (2022 திருத்தத்துக்கு முன்னால் 10,000).

இதில் ஒரு வேடிக்கை கவனியுங்கள். அந்தப் பட்டியலில் லெதர் பவளத்தின் பெயர் இல்லை. "மென்பவளத்துக்குத் தடை இல்லை சார்" என்று கடைக்காரர் அடித்துச் சொல்வது அதனால்தான். சரி அண்ணாச்சி, அது உட்கார்ந்திருக்கிற கல்? அது பெரும்பாலும் செத்துப்போன கல் பவளத்தின் கூடு. அது பட்டியலில் இருக்கிறதே! உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

ஏன் எல்லோரும் கல்லோடு கேட்கிறார்கள்? துண்டை ஒட்ட வைக்கத் தெரியாததால். என் ஆத்திரமெல்லாம் இங்கேதான். முதல் தடவை ஒட்டுகிறவர் கையில் கொடுக்கப்படுவது சூப்பர் க்ளூ. லெதரின் அடியில் பசையைத் தடவி அழுத்துவார், கையை எடுத்ததும் நிற்கும். மறுநாள் காலையில் துண்டு மிதந்துபோய் பம்ப்பின் வாயில் கிடக்கும். பசை மேல் குற்றமில்லை. ஈரம் பட்டால் இறுகுவதுதான் அதன் குணம். ஆனால் அது ஒட்டியது லெதரின் மேலிருக்கிற வழுவழு கோழையில். லெதருக்கோ தோலை உரித்துப் போடுகிற பழக்கம், பாம்புச் சட்டை மாதிரி. சட்டையோடு பசையும் போய்விடும். இப்படி இரண்டு துண்டு போனதும் "நமக்கு இது சரிப்படாது, கல்லோடயே வாங்கிடலாம்" என்று கடைக்கு ஓடுகிறார்கள். பாறைக்கு விழுகிற உளி இங்கிருந்து கிளம்புகிறது.

ஒட்ட வைப்பது நம் வேலையே இல்லை என்பது புரிந்தால் போதும். பவளம் தானே பிடித்துக்கொள்ளும். அதுவரை நகராமல் வைத்திருப்பது மட்டும் நம் வேலை. தொட்டித் தண்ணீரையே ஒரு தனிப் பாத்திரத்தில் எடுத்து, புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெட்டும்போது இவை விடுகிற ரசாயனம் மற்ற பவளங்களுக்கு ஆகாது, அதனால் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றக் கூடாது. ஒரு சின்னக் கல் துண்டின் மேல் வைத்து நூலால் கட்டுங்கள்.

இங்கேதான் நைட்டி வருகிறது. தையல் கடையில் இன்றைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் நூல், அது மக்காது, சதையை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். தூண்டில் நரம்பும் அப்படித்தான். சாயம் போடாத சுத்தப் பருத்தி நூல் கேட்டு வாங்குங்கள். ஒன்று முதல் மூன்று வாரத்தில் பவளம் பிடித்துவிடும், நூல் மெல்ல நைந்து தானே விழும். ரப்பர் பேண்டும் சரிதான், இறுக்கினால் இரண்டாக வெட்டிவிடும், அவ்வளவுதான். கட்டவே முடியாத காளான் பவளத்துக்கும் சீனியாவுக்கும் ஒரு கிண்ணத்தில் பொடிக்கல்லைப் பரப்பி, மேலே நெட் துணியால் மூடி, நீரோட்டம் குறைவான மூலையில் வைத்தால் போதும். எங்கள் ஊரில் வெட்டு மிச்சமாக நெட் துணி கிடைக்காத தெரு உண்டா என்ன? பவளம் சின்னக் கல்லைப் பிடித்த பிறகு, அந்தக் கல்லைப் பெரிய கல்லில் ஒட்ட உங்கள் சூப்பர் க்ளூவை ஆசை தீரப் பயன்படுத்துங்கள். கல்லும் கல்லும் ஒட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெரிய கல்லுக்கும் கடல் வேண்டாம். சிமென்ட்டில் செய்து, காரம் இறங்கும் வரை சில வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட்டால் ஆயிற்று. "கடல் கல்லில்தான் நல்ல பாக்டீரியா இருக்கும்" என்பார்கள். அது சொரசொரப்பான எந்தக் கல்லிலும் நாலு முதல் ஆறு வாரத்தில் குடியேறிவிடும். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002-லிருந்து மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளைச் சிமென்ட் பலகையில் கட்டித்தான் அழிந்த பாறைகளை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடலுக்கே சிமென்ட் போதுமாம், நம் வரவேற்பறைத் தொட்டிக்கு மட்டும் அசல் பாறை கேட்கிறதாம். என்ன கொடுமை சார் இது!

"இதெல்லாம் வேண்டாம், பவளத்தையே வீட்டில் வைக்கக் கூடாது" என்று ஒரு கோஷ்டி உண்டு. அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, உடன்பாடு இல்லை. தடை போட்ட பிறகும் கடல் விசிறியைக் காய வைத்து அலமாரியில் மாட்டுகிற ஊர் இது. வேண்டாம் என்று சொல்லி ஆசை போகாது. ஆசைப்பட்டவனுக்கு நண்பன் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு துண்டும் அரை முழம் பருத்தி நூலும் கொடுத்தால் அவன் கடைக்கே போகமாட்டான்.

டிஸ்கி: பட்டன் பவளம் என்கிற சோவாந்திட் வகையில் கை வைப்பவர்கள் கையுறை, கண்ணாடி இல்லாமல் வெட்டாதீர்கள். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. அது இருந்த கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைக்கவும் வேண்டாம், அந்த ஆவியே ஆளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும்.