தெருமுனையில் ஒரு பூங்கா

கண்டி மாநகரைப் பூங்கா நகரம் என்று கூறினால் மறுப்பார் எவருமிலர். 1807 ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் அமைத்த வாவி நகரின் நடுவே விளங்குகின்றது. அதன் அருகே, இருநூற்றைம்பது ஏக்கருக்கு மேற்பட்ட உடவத்தைக்கலே வனம் 1938 முதல் சரணாலயமாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. சில மைல் தொலைவில், 1821 இல் அலெக்சாந்தர் மூன் என்பாரின் முயற்சியால் உருவான பேராதனைப் பூங்கா உலகோர் வந்து காணும் பெருமையுடையது. நகரின் நடுவிலே வேஸ் பூங்காவும் ஜோர்ஜ் ஈ. டி சில்வா பூங்காவும் உள. இத்துணைச் செல்வம் இருக்கத் தெருமுனையிலும் ஒரு பூங்கா கேட்பது பேராசையன்றோ எனச் சிலர் வினவக்கூடும்.

அது பேராசையன்று. ஒரு பூங்கா எத்துணைப் பெரிது என்பதினும், அது வீட்டிற்கு எத்துணை அண்மையில் உளது என்பதே குடும்பங்களுக்கு முக்கியமாகும். மூன்று வயதுப் பேரனைக் கைப்பிடித்து, நாள்தோறும் மாலையில் பேருந்தேறிப் பேராதனைக்குச் செல்லும் பாட்டி யார்? சென்றாலும் அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2017 இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒவ்வொரு வீட்டிற்கும் ஏறத்தாழ முந்நூறு மீற்றர் தூரத்துக்குள் பசுமையான பொது இடம் ஒன்று இருத்தல் நன்று என்கின்றது. அஃது ஐந்து நிமிட நடை. நம் மலைச்சரிவுகளிலோ அந்த முந்நூறு மீற்றரே முதியோருக்கு மூச்சுவாங்கும் ஏற்றமாகிவிடும்.

இக்குறையால் மிகுதியும் நலிவோர் யாவர்? வீட்டுக்கு முற்றமும் தோட்டமும் உடையோர் அல்லர். நகரைத் துப்புரவாக வைத்திருக்கும் பணிக்கென இந்தியாவிலிருந்து வந்த தமிழ் மக்களின் சந்ததியார் பலர் வாழும் மகியாவை போன்ற நெருக்கமான குடியிருப்புக்களைப் பாருங்கள். அங்கே சிறுவர் விளையாடவும், பெண்கள் சற்றே அமர்ந்து பேசவும், மாணவர் வெளிக்காற்றில் அமர்ந்து நூல் படிக்கவும் இடம் எங்கே? நகருக்கு அழகு செய்தோரின் பிள்ளைகள் பந்து விளையாட வாகனங்கள் செல்லும் வீதிக்கு வருவது நகருக்கு அழகாகுமா?

அயலார் கூடும் சிறு பொதுவிடம் நமக்குப் புதியதன்று. சங்கத் தமிழர் ஊர் நடுவே மரநிழலில் மன்றம் வைத்திருந்தனர். யாழ்ப்பாணத்து ஊர்களில் ஆலடியும் அரசடியும் அப்பணியைச் செய்தன. கண்டி நாட்டுச் சிங்கள மக்கள் வழிப்போக்கர் தங்குதற்கும் ஊரார் கூடுதற்கும் அமைத்த மண்டபத்தை ‘அம்பலம’ என்றனர். நம் ‘அம்பலம்’ என்னும் சொல்லும் அதுவும் உறவுடையன என்பதை விளக்க வேண்டியதில்லை. இரு மொழியாரும் ஒரே சொல்லால் அழைத்த பொதுவிடத்தை இருவரும் சேர்ந்தே இழந்து வருகின்றோம்.

இழந்ததை மீட்கும் வழியை அறிஞர் சிலர் காட்டியிருக்கின்றனர். ஸ்கொத்லாந்து நாட்டுப் பேராசிரியர் பற்றிக் கெடிஸ் 1914 ஆம் ஆண்டு தமிழகம் வந்து, தஞ்சாவூர் முதலிய நகரங்களை நடந்தே ஆராய்ந்தார். நெருக்கமான பகுதிகளை இடித்து நேர்வீதிகள் போடும் திட்டங்களை அவர் ஏற்கவில்லை. பாழடைந்த ஓரிரு கட்டடங்களை மட்டும் அகற்றி, இருக்கும் மரங்களைக் காத்து, சிறு வெளிகளைச் சற்றே விரித்தாற் போதும் என்றார். அதற்குச் செலவும் குறைவு என்பதை எடுத்துக் காட்டினார். 1921 இல் கொழும்பு நகருக்குத் திட்டம் வகுத்தவரும் அவரே.

அமஸ்ரடாம் நகரிலே போருக்குப் பின்னர், அல்டோ வான் எய்க் என்னும் இளங்கட்டடக் கலைஞர் 1947 இல் தொடங்கி முப்பது ஆண்டுகளில் எழுநூறுக்கு மேற்பட்ட சிறுவர் விளையாட்டிடங்களை அமைத்தார். மணற்குழி ஒன்று, ஏறித் தொங்க இரும்புக் கம்பிகள் சில, தாய்மார் அமர இருக்கைகள், நிழலுக்கு மரங்கள், அவ்வளவே. வெற்றாய்க் கிடந்த மூலைகளே அவற்றுக்கு நிலமாயின. ஒரு தெருவில் அமைந்ததைக் கண்ட அடுத்த தெருவார் தமக்கும் வேண்டுமென நகரசபைக்குக் கடிதம் எழுதினர் என்பது நாம் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி.

பூங்காவைத் ‘தரமுயர்த்துதல்’ என்றால் தரை முழுவதும் சீமெந்துக் கல் பதிப்பது என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். திறப்பு விழா முடிந்ததும் கதவு பூட்டப்பட்டு, ஊஞ்சல் துருவேறிப் போவதும் உண்டு. கண்டியோ மழை மிகுந்த ஊர். கல் பதித்த தரையில் நீர் இறங்காது. தேங்கிய நீர் நுளம்புக்கு இடமளிக்கும். ஆதலின் மண்ணும் புல்லும் நிலைக்கட்டும், சரிவு படிகளாகட்டும், நீர் ஓட வாய்க்கால் அமையட்டும். நமக்கே உரிய நாகமரமும் மருதும் நிழல் தரட்டும். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, குடிநீர், பெண்களும் அச்சமின்றிப் பயன்படுத்தத்தக்க மலசலகூடம், அந்திக்குப் பின் ஒரு விளக்கு ஆகிய இவையே தரம். இவற்றினும் மேலானது, கதவு திறந்திருத்தல்.

நிலத்துக்கு எங்கே போவது என்பாருக்கும் விடை உண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஆளுகைக்குட்பட்ட இடங்களில், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடுவோர், வீதிகள் நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்குதல் வேண்டுமென 1986 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறின. அவ்வாறு ஒதுக்கிய துண்டுகள் எங்கே, எந்நிலையில் உள்ளன என்பதை அயலார் கேட்டறிதல் வேண்டும். கேட்பாரற்ற பொதுநிலம் நாளடைவில் குப்பைமேடாகும். அல்லது யாரோ ஒருவரின் வேலிக்குள் போய்விடும்.

2025 மே மாதத் தேர்தலின் வழியே உள்ளூராட்சி மன்றங்களுக்கு மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் கிடைத்துள்ளனர். அவர்களிடம் கேட்பதற்கு முன் நம் மாணவர் ஒன்று செய்யலாம். ஞாயிறு மாலை ஒன்றில், தம் வட்டாரத்துச் சிறு வெளியொன்றிற்குச் சென்று, அங்கே வருவோர் யார், வராதோர் யார், ஏன் வரவில்லை என்பனவற்றைக் குறித்து வருக. முதியோரையும் தாய்மாரையும் வினவுக. அக்குறிப்பு மூன்று மொழிகளிலும் எழுதப்பெற்று, தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகிய மூவர் கையொப்பமும் தாங்கி மாநகர சபைக்குச் செல்லுமாயின், அதை ஒதுக்கிவிடல் எளிதன்று. பூங்கா அமைந்தபின் அதன் திறவுகோல் அவ்வயலாரின் குழுவொன்றிடமே இருக்கட்டும். மாலையில் கதவைத் திறப்போரும் விளக்கை ஏற்றுவோரும் அத்தெருவின் மக்களாகவே இருந்தால், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஊஞ்சல் துருவேறாது ஆடும்.