ஓட்டுநருக்குப் பயிற்சி போதாது என்னும் பழைய பதில்

ஹைபிரிட் கார் சொன்ன மைலேஜைத் தருவதில்லை என்று ஓர் ஓட்டுநர் முறையிட்டால் அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: ஓட்டும் முறை சரியில்லை, ஆக்சிலரேட்டரை மென்மையாக மிதிக்கப் பழக வேண்டும். விற்பனைக்கூடத்தில் பிறக்கும் இப்பதில், ஆய்வுக் கட்டுரைகளுக்குள் நுழைகையில் ‘ஓட்டுநர் நடத்தை’ என்னும் மாறியாகப் பெயர் பெற்று, கருத்தரங்குகளில் நாற்காலியும் பெற்றுவிடுகிறது. காரின் வடிவமைப்பும் அதை மதிப்பிடும் சோதனையும் கேள்விக்கு அப்பாற்பட்டவை, திருத்தப்பட வேண்டியவர் ஓட்டுநர் மட்டுமே என்பது இதன் உட்பொருள். பெங்களூரின் சாலைகளை அறிந்த எவரும் இதை ஏற்க இயலாது.

மைசூர்ச் சாலையில் பிடதியிலுள்ள டொயோட்டா ஆலையில் உருவாகும் ஹைரைடர் ஹைபிரிட்டுக்கு, அது அறிமுகமான 2022இல் வழங்கப்பட்ட சான்றளவு லிட்டருக்கு 27.97 கி.மீ. இத்தகைய எண்கள் ஆய்வகத்தில் பிறப்பவை. உருளைகளின்மேல் காரை நிறுத்தி, இந்திய ஓட்டச் சுழற்சி என்னும் அட்டவணைப்படி 1180 வினாடிகள் ஓட்டுகிறார்கள். அந்நேரத்தில் அது கடப்பது ஏறத்தாழ 10.6 கி.மீ.; அதாவது சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ. உச்ச வேகம் 90ஐத் தாண்டாது. ஏசி அணைந்திருக்கும். இதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கு: பெங்களூரின் மையப் பகுதியில் 10 கி.மீ. கடக்க ஏறத்தாழ 29 நிமிடங்கள், உலக வரிசையில் இரண்டாம் இடம். மணிக்கு 20 கி.மீ. சொச்சம். அதுவும் ஆண்டு முழுமைக்குமான சராசரி. மழை பெய்த மாலையில் டின் ஃபேக்டரியிலிருந்து மாரத்தஹள்ளி நோக்கி ஊர்ந்தவர்களுக்கு இந்த 20கூடப் பெருவேகமாகத் தோன்றும்.

நெரிசலில்தானே ஹைபிரிட் சிறக்கும் என்பார்கள். உண்மைதான். பிரேக் பிடிக்கையில் வீணாகும் ஆற்றலை மின்னாக மீட்பதாலும், நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுவதாலும், அதே அளவுள்ள பெட்ரோல் காரை அது நெரிசலில் வெல்லும். ஆனால் ஓட்டுநரின் முறையீடு, சில்க் போர்டு சந்திப்பில் சக்கரம் சுழலாமல் நிற்கும் நேரத்தைப் பற்றியது. சுழலாத சக்கரத்திலிருந்து மீட்பதற்கு ஒன்றுமில்லை. ஹைரைடரின் பேட்டரிக் கொள்ளளவு 0.76 கிலோவாட்-மணி மட்டுமே. ஏசி 1 கிலோவாட் இழுக்கிறது என்று கொண்டால், பேட்டரியைச் சொட்டின்றி வடித்தாலும் 45 நிமிடங்களுக்குமேல் தாங்காது. ஆயுளைக் காப்பதற்காக, கொள்ளளவின் ஒரு பகுதியை மட்டுமே கார் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால், கைக்குக் கிடைக்கும் நேரம் அதனினும் மிகக் குறைவு. பிறகு எஞ்சின் விழித்து, நின்ற இடத்திலேயே பெட்ரோலை எரித்து மின்னூட்டுகிறது. எத்தனை மென்மையான பாதமும் இதை மாற்ற இயலாது.

ஓட்டுநர் கேட்பதோ வியப்பூட்டுமளவு எளியது. பத்து நிமிடத்தில் ஹெப்பாள் மேம்பாலத்தின் நெரிசல் வரப்போகிறது என்பது அவருக்குத் தெரியும், காருக்குத் தெரியாது. ஆகவே, இருக்கும் மின்னைச் செலவிடாமல் சேமித்து வைக்கும்படி காருக்குக் கட்டளையிட ஒரு பொத்தான். திரையில் அம்புக்குறி வரைபடங்களுக்குப் பதிலாக, பேட்டரியின் உடல்நிலையைச் சொல்லும் ஓர் எண். பழைய காரை விற்கவோ வாங்கவோ போகிறவருக்கு அந்த எண்ணைவிடத் தேவையானது வேறில்லை. பல ஹைபிரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்னிருக்கையருகே உள்ள துளை வழியாகவே உள்ளே போகிறது. அதன் வடிகட்டியை இந்நகரத்தின் தூசி அடைக்கும்போது முன்கூட்டியே எச்சரிக்கை. இவற்றோடு பெட்டி வைக்க இடம். சாதாரண ஹோண்டா சிட்டியின் டிக்கி 506 லிட்டர். அதன் ஹைபிரிட் வடிவம் 2022இல் வந்தபோது அது 306 ஆகச் சுருங்கியது. தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு நால்வரை அவர்களது பெட்டிகளோடு ஏற்றிச் செல்ல வேண்டியவருக்கு அந்த 200 லிட்டர் அற்ப விஷயமன்று.

இவற்றை ‘நுகர்வோர் விருப்பம்’ என்று ஒதுக்குவோர் ஹைபிரிட்டின் வரலாற்றையே மறந்தவர்கள். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸுக்கு ஜப்பானில் மின்விசையால் மட்டும் ஓடச் செய்யும் பொத்தான் இருந்தது; அமெரிக்காவில் விற்ற காரில் அது இல்லை. அமெரிக்க உரிமையாளர்கள் தாமே கம்பி இழுத்து அந்தப் பொத்தானைப் பொருத்திக்கொண்டார்கள். 2004இல் கால்கார்ஸ் என்னும் கலிபோர்னியக் குழுவைச் சேர்ந்த ரான் கிரெம்பன், கூடுதல் ஈய-அமில பேட்டரிகளை ஏற்றி, வீட்டு மின்னிணைப்பில் ஊட்டக்கூடிய பிரியஸை உருவாக்கினார். செருகவே வேண்டாம் என்பதைத் தன் காரின் பெருமையாகச் சொல்லிவந்த டொயோட்டா, 2012இல் செருகும் பிரியஸைத் தானே சந்தைக்குக் கொண்டுவந்தது.

பயனர்களே முன்னோடிகள் என்பதை எரிக் வான் ஹிப்பல் 1986இலேயே கோட்பாடாக்கினார். அமெரிக்க உழவர்கள் ஃபோர்டு காரைப் பண்ணை இயந்திரங்களுக்கு விசையூட்டப் பயன்படுத்தியதை ரொனால்ட் கிளைனும் டிரெவர் பிஞ்சும் 1996இல் ஆராய்ந்தார்கள். இக்கட்டுரைகளை வகுப்பறையில் போற்றிப் பாடம் நடத்துவோர், ஓசூர்ச் சாலைக்கு வந்ததும் ஓட்டுநரைப் பயிற்சி போதாதவர் என்று முத்திரை குத்துவது விந்தை. அமெரிக்க உழவருக்குக் கிடைக்கும் அறிவுரிமை, வாடகைக்கார் ஓட்டும் மண்டியா இளைஞருக்கு ஏன் கிடைப்பதில்லை?

காரணம் ஒன்று வெளிப்படை. இந்நகரத்தில் ஓட்டுபவர் பலவேளை உரிமையாளர் அல்லர். நிறுவனத்தின் திருப்திக் கணிப்பு உரிமையாளரின் கைபேசிக்குப் போகிறது. நாளெல்லாம் ஸ்டீரிங்கின் பின்னால் இருப்பவரிடம் எவரும் கேட்பதில்லை. கொள்கை விவாதமோ வரியோடு நின்றுவிடுகிறது. பெரிய ஹைபிரிட் காருக்குப் பல்லாண்டுகள் 43 விழுக்காடு, மின்காருக்கு 5. 2025 செப்டம்பரில் 43 என்பது 40 ஆகியது. உத்தரப் பிரதேசம் 2024இல் பதிவு வரியை விலக்கியது, கர்நாடகமும் விலக்க வேண்டுமா என்று இரு தரப்பும் வாதிடுகின்றன. சலுகை கேட்கும் தரப்பும் மறுக்கும் தரப்பும் தூக்கிப் பிடிப்பது அதே ஆய்வக எண்ணையோ அதன் மறுப்பையோதான்.

வெளிவட்டச் சாலையின் எண்ணைத் திரட்டுவது கடினமன்று. இன்றைய கார் ஒவ்வொன்றிலும் ஸ்டீரிங்குக்குக் கீழே தரவுத்துளை இருக்கிறது. அதில் செருகும் கருவி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இருபது ஓட்டுநர்கள், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழைக்காலம், ஏசி போட்டபடி. பொறியியல் கல்லூரிகள் நிறைந்த இந்நகரத்தில் ஏதேனும் ஒரு துறை இதைச் செய்யட்டும். கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அந்த இருபது பெயர்களும் இடம்பெறட்டும்.