முழங்காலிட வைப்பது ஒற்றுமையாகாது



‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’, ‘ஹவுஸ் ஒஃப் த டிராகன்’ இரண்டையும் நம்ம இளைஞர்கள் பார்க்கிறார்கள். அதில் பார்க்கக் கூடாத காட்சிகள் நிறைய உண்டு. அது வேறு பேச்சு. அந்தக் கதைகளுக்கு அடித்தளமான ஏகோன் மன்னனின் படையெடுப்பை அவர்கள் புகழும் விதம்தான் நம்மை எழுத வைத்தது. “ஏழு ராச்சியமும் அடிபட்டுக்கொண்டு கிடந்திச்சி சேர், ஒரு ஆள் வந்துதான் எல்லாத்தையும் ஒண்டாக்கினான்” என்கிறார்கள். ஊர்ப் பிரச்சினை வரும்போது பெரியவர்களும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறோம்: “இந்தச் சனத்துக்கு அப்படி ஒரு ஆள்தான் வேணும்.”

கதையைச் சரியாக வாசித்துப் பார்ப்போம். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் உருவாக்கிய வெஸ்டெரோஸ் என்ற கற்பனை நிலத்தில் ஏழு ராச்சியங்கள். ஏகோன் தன் இரு சகோதரிகளோடும் மூன்று டிராகன்களோடும் வந்து இறங்குகிறான். வருவதற்கு முன்பே வெஸ்டெரோஸின் வடிவில் ஒரு பெரிய மேசை செய்து வைத்திருந்தான். அதில் மலையும் ஆறும் இருந்தன. எல்லைக் கோடு ஒன்றுகூட இல்லை. அங்கே வாழ்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவன் மனதில் எல்லாம் ஒன்றாகிவிட்டன.

நியாயமாகவும் பேச வேண்டும். ஆற்றுப் பிரதேச மக்களைக் கசக்கிப் பிழிந்தவன் ஹாரன் மன்னன். நாற்பது வருடமாக அவன் கட்டிய ஹாரன்ஹால் கோட்டை நெருப்பில் உருகி, அவனும் பிள்ளைகளும் அதற்குள்ளேயே மடிந்தபோது அழுதவர்கள் குறைவு. பணிந்தவர்களுக்கு ஏகோன் நிலத்தையும் பதவியையும் விட்டுக்கொடுத்தான். ராச்சியங்களுக்கிடையே ஓயாமல் நடந்த சண்டைகளும் அடங்கின. இதெல்லாம் உண்மைதான்.

ஆனால் எப்படி அடங்கின? இரண்டு மன்னர்கள் சேர்ந்து கொண்டுவந்த பெரும் படையில் சுமார் 4,000 பேர் ஒரே களத்தில் உயிரோடு எரிந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட வடக்கின் மன்னன் டோரன் ஸ்டார்க், 30,000 பேரோடு வந்தும் போரிடாமல் முழங்காலிட்டான். தன் மக்களைக் காப்பாற்றினான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது பயம், உடன்பாடல்ல. தோற்றவர்களின் வாள்களை உருக்கித்தான் ஏகோன் தன் சிம்மாசனத்தைச் செய்தான். அதில் உட்காருபவனையே அது கீறும்.

பயத்தால் கட்டியது எவ்வளவு காலம் நின்றது? 37ஆம் ஆண்டில் ஏகோன் இறந்தான். மகன் பதவிக்கு வந்த கையோடு நாலா பக்கமும் கிளர்ச்சி. பிறகு அந்தக் குடும்பமே இரண்டாகப் பிரிந்து, டிராகனை டிராகன் கொன்றது. அதைத்தான் இப்போது தொடராகப் பார்க்கிறோம். 2019இல் வந்த கடைசிப் பாகத்தில், அன்று முழங்காலிட்ட அதே வடக்கு மீண்டும் தனி ராச்சியமாகிறது.

நம்ம பிள்ளைகள் கவனிக்காமல் விடுவது டோர்னை. அந்தப் பாலை நாடு பணியவில்லை. கோட்டைகளைக் காலி செய்துவிட்டு மக்கள் மறைந்து நின்று போராடினார்கள். ஏகோனின் சகோதரியும் மனைவியுமான ரேனிஸ் தன் டிராகனோடு அங்கேதான் வீழ்ந்தாள். டோர்ன் சேர்ந்தது அதன்பின் 170 வருடங்களுக்கும் மேல் கழித்து. கல்யாண உறவாலும் ஒப்பந்தத்தாலும். தன் சட்டத்தையும் ஆட்சியாளரின் பட்டத்தையும் வைத்துக்கொண்டே சேர்ந்தது. மூன்று டிராகன்களால் முடியாத காரியம் அது.

கற்பனைக் கதையையும் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் வெற்றியாளர் எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், நம்மிடம் பதில் இருக்கிறது. ஹிஜ்ரி 8இல் 10,000 பேரோடு மக்காவுக்குள் நுழைந்தவர்கள், தங்களைத் துரத்திய ஊருக்குப் பொது மன்னிப்பு வழங்கினார்கள். கஃபாவின் சாவியை, அதுவரை வைத்திருந்த உஸ்மான் இப்னு தல்ஹாவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பழி வாங்கும் பலம் இருந்தது, வாங்கவில்லை. மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். பள்ளிவாசல் நிர்வாகமாகட்டும், ஊர்ச் சங்கமாகட்டும், தேர்தலாகட்டும், “ஒற்றுமைப்படுவோம்” என்று யாரும் சொல்லும்போது பெரும்பாலும் அதன் பொருள் “எனக்குக் கீழே வாருங்கள்” என்பதுதான். மற்றக் கருத்துள்ளவர் வாய் மூடினால் ஊர் ஒன்றாகிவிட்டதாக நினைக்கிறோம். அவர் வாய் மூடியிருக்கிறார், அவ்வளவுதான். அந்த ஆள் இறங்கிய அடுத்த நாளே பழைய பிரிவு மேலும் கசப்போடு வெளியே வருகிறது. இதை நாம் எல்லோரும் நம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

ஆகவே அடுத்த முறை யாராவது நம்மை ஒன்று சேர்க்க வந்தால், மஷூராவில் ஒரு கேள்வி கேட்போம்: “சேர்கிறவர் தன் கையில் எதை வைத்துக்கொள்ளலாம்?” அதற்குத் தெளிவான பதில் வைத்திருப்பவரோடு உட்கார்ந்து பேசலாம். பதில் இல்லாதவர் கொண்டு வந்திருப்பது எல்லைக் கோடு இல்லாத அந்த மேசையைத்தான்.

பிள்ளைகளோடும் இதைப் பேசுங்கள். தொடரைத் திட்டி நிறுத்துவதைவிட, டோர்ன் ஏன் பணியவில்லை என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். நல்ல பதில் வரும், இன்ஷா அல்லாஹ்.