மணலியில் பங்காளி! வியன்னாவில் எதிராளி!

சென்ற வாரம் திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத்! ஈரான் கையில் அணுகுண்டு இருந்திருந்தால் 2025 ஜூனில் அடித்திருப்பார்களா? குண்டு வைத்திருக்கிற வட கொரியாவை எவனாவது தொட்டானா? சதாமும் கடாஃபியும் என்ன ஆனார்கள்?"

கூட நின்ற இளைஞர்கள் தலையாட்டினார்கள். உரக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் மட்டும் சலித்துக்கொண்டார்: "அதெல்லாம் டெல்லிக்காரன் பாடு தம்பி. நமக்கு யாவாரம் நடந்தால் போதும்."

இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் பாய்க்கு!

யூரியா மூட்டைக்குள் ஈரான்!

பாய்! உங்கள் கடையில் அடுக்கியிருக்கிறதே விஜய் யூரியா, அது சென்னை மணலியில் உள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் தொழிற்சாலையின் சரக்கு. அந்தக் கம்பெனியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பல்லாண்டுகளாக ஈரான் அரசின் எண்ணெய்க் கம்பெனி வகையறாவுக்கு உரியது. நம் மாவட்டத்து நெல் வயலுக்கும் ஈரானுக்கும் அவ்வளவு நெருக்கம்!

அதே மணலியில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கதையைக் கேளுங்கள். 1965ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் கம்பெனி தொடங்கியபோது இந்திய அரசுக்கு 74 சதவிகிதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு 13. ஆம், அமெரிக்கரும் ஈரானியரும் நம் மணலியில் ஒரே மேஜையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள்! 1985ல் அமெரிக்கக் கம்பெனி விலகிவிட்டது. புரட்சியைச் சந்தித்து, சதாமோடு போரில் சிக்கியிருந்த ஈரான் விலகவில்லை. இன்றைய சென்னை பெட்ரோலியம் அதுதான்.

குமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்து மீனவர்கள் ஈரான் கடலில் கூலிக்கு மீன் பிடிக்கப் போகிறார்கள். 2020ல் கொரோனா நேரத்தில் அங்கே சிக்கித் தவித்தவர்களில் ஏறத்தாழ 700 பேரைக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்கு ஏற்றி வந்தது. இது டெல்லிக்காரன் பாடா? நம் பாடு!

வியன்னாவில் நடந்தது என்ன?

இப்படிப்பட்ட பங்காளிக்கு நாம் என்ன செய்தோம்? 2005 செப்டம்பர் 24 அன்று வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிரான தீர்மானம் வந்தது. சீனா, ரஷ்யா, பாகிஸ்தான் உட்பட 12 நாடுகள் ஒதுங்கி நின்றன. இந்தியாவோ அமெரிக்காவோடு சேர்ந்து கை தூக்கியது! 2006 பிப்ரவரியில் மறுபடியும் கை தூக்கியது. ஏன்? 2005 ஜூலை 18 அன்றுதான் வாஷிங்டனில் இந்திய-அமெரிக்க அணு உடன்பாடு அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கான விலை இது என்று அன்று பலரும் சொன்னார்கள். நானும் அப்படியே கருதுகிறேன்.

ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக எரிவாயுக் குழாய் கொண்டுவர முயன்ற மணி சங்கர் ஐயர், நம் மயிலாடுதுறையின் எம்.பி., 2006 ஜனவரியில் பெட்ரோலியத் துறையிலிருந்து மாற்றப்பட்டார். குழாய் காகிதத்தோடு நின்றது.

வியாபாரிகளுக்கு ஒரு கணக்கு. தடைகள் இறுகிய பின் 2012ல் ஓர் ஏற்பாடு வந்தது. ஈரான் எண்ணெய்க்கான பணத்தில் ஒரு பகுதியை யூகோ வங்கியில் ரூபாயாகவே வரவு வைப்பது. நம் நாட்டு அரிசி, தேயிலை வாங்க ஈரான் அதிலிருந்தே பற்று வைத்துக்கொள்வது. டாலர் தேவையில்லை. எண்ணெயும் வந்தது, அரிசியும் போனது. 2019 மே மாதம் அமெரிக்கா விதிவிலக்கை முடித்ததும் எண்ணெய் வாங்குவதை நிறுத்தினோம். வரவு நின்றால் பற்று எங்கிருந்து வரும்? ஏற்றுமதியாளர்களின் பாக்கி இழுத்தடித்தது.

நம் கதையை மறக்கலாமா?

தனிமைப்படுத்தப்பட்ட நாட்டின் வலி இந்தியாவுக்குத் தெரியாதா? 1974ல் பொக்ரானில் வெடித்ததும் கனடா அணு உதவியை நிறுத்தியது. நம் கல்பாக்கம் அணு உலையைச் சொந்தக் காலில் கட்டி முடித்து 1983ல் இயக்க வேண்டியதாயிற்று. 1998 மே மாதம் மறுபடி வெடித்ததும் அமெரிக்கா தடை போட்டது. ஆனால் குண்டு வீசவில்லை, பேசியது! ஜஸ்வந்த் சிங்கும் ஸ்ட்ரோப் டால்பட்டும் இரண்டாண்டுகளில் 14 முறை சந்தித்தார்கள். 2001ல் தடை நீங்கியது. 2008ல் அணு வர்த்தகக் கதவும் திறந்தது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவே இல்லை, இஸ்ரேலும் இடவில்லை. கையெழுத்திட்ட ஈரானுக்குத் தடையும் குண்டும்! இது என்ன நியாயம்?

ஈரான் செய்தது அனைத்தும் சரி என்று நான் எழுத வரவில்லை. நதன்ஸ் ஆலையை 2002 வரையிலும், ஃபோர்தோவை 2009 வரையிலும் உலகின் கண்ணிலிருந்து மறைத்தது அவர்கள்தான். மறைத்தவன் மீது சந்தேகம் வரத்தான் செய்யும். சந்தேகத்தைத் தீர்க்க வழி எது என்பதுதான் கேள்வி.

தம்பிக்குப் பதில்

தம்பி, இந்தக் கணக்கைப் பாருங்கள். 2015 ஜூலை 14 உடன்பாட்டின்படி ஈரான் வைத்துக்கொள்ளக் கூடிய யுரேனியம் 300 கிலோ, செறிவு 3.67 சதவிகிதம். ஈரான் சொன்னபடி நடக்கிறது என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சான்று தந்தார்கள். 2018 மே 8 அன்று டிரம்ப் அந்த உடன்பாட்டிலிருந்து வெளியேறினார். விளைவு? 2025 மே மாதத்தில் 60 சதவிகிதச் செறிவுள்ள யுரேனியமே 400 கிலோவுக்கு மேல்! பேச்சு பூட்டி வைத்திருந்ததை மிரட்டல் திறந்துவிட்டது. ஜூன் 15ல் மஸ்கட்டில் அடுத்த சுற்றுப் பேச்சு நடக்க இருந்தது. ஜூன் 13ல் இஸ்ரேல் குண்டு வீசியது. 22ல் அமெரிக்காவும் வீசியது. பேச வந்தவனை அடித்தால், இனி எந்த நாடு பேச வரும்?

"அப்படியானால் குண்டு செய்வதுதானே புத்தி?" என்பீர்கள். இல்லை தம்பி! 1998ல் இந்தியாவும் பாகிஸ்தானும் குண்டு வெடித்தன. மறு ஆண்டே கார்கிலில் ரத்தம் ஓடியது. எந்தக் குண்டு அதைத் தடுத்தது? வட கொரியா குண்டைக் காப்பாற்றிக்கொண்டது. அதன் மக்கள் சோற்றையும் சுதந்திரத்தையும் இழந்து நிற்கிறார்கள். பெண்டு பிள்ளை, கிழம் கட்டை என்று பாராமல் ஊரையே எரிக்கும் ஆயுதம் யார் கையில் இருந்தாலும் அநியாயம்தான். அணு ஆயுதம் ஹராம் என்று பலமுறை அறிவித்தவர் ஆயத்துல்லாஹ் காமினெயீ. குண்டுக்குக் கை தட்டும் நம் இளைஞர்கள் அதையாவது யோசிக்க வேண்டாமா?

நாம் கேட்க வேண்டியது

அமெரிக்காவோடும் பேசக் கூடிய, ஈரானோடும் பேசக் கூடிய நாடுகள் சில உண்டு. ஓமன் போன்ற சிறு நாடு நடுவராக நின்றது. 140 கோடி மக்களின் நாடு எங்கே நின்றது? 2025 ஜூன் 14 அன்று இஸ்ரேலின் தாக்குதலைக் கண்டித்த ஷாங்காய் கூட்டமைப்பு அறிக்கையிலிருந்து விலகி நின்றது! செப்டம்பரில் தியான்ஜினில் அதே கண்டனத்தில் சேர்ந்துகொண்டது. சேர்ந்ததை வரவேற்கிறோம். ஆனால் வீடு எரிந்து மூன்று மாதம் கழித்துத் தண்ணீர் கொண்டுபோனால் என்ன பயன்? சாபஹார் துறைமுகத்துக்கு 2024ல் 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டோம். 2025 செப்டம்பரில் அமெரிக்கா சலுகையைப் பறித்தது. பிறகு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. நம் துறைமுக ஒப்பந்தத்துக்கு வாஷிங்டனில் வாய்தா வாங்கும் நிலை!

ஆகவே சகோதரர்களே, டீக்கடையில் குண்டைப் பற்றிப் பேசிக் கலைவது போதாது. வியாபாரிகள் சங்கத்தின் பெயரில், ஜமாஅத்தின் பெயரில், நம் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இரண்டே கேள்விகள் போதும். ரூபாய் வர்த்தகத்தை மறுபடி தொடங்க அரசு என்ன முயற்சி எடுத்தது? பேச்சுவார்த்தைக்கு நடுவராக நிற்க இந்தியா ஒருமுறையாவது முன்வந்ததா?

உரக்கடை பாய் முதல் கையெழுத்தைப் போடட்டும். அந்தத் தம்பி இரண்டாவதைப் போடட்டும்!